நான் சாகடித்த செல்கள்

ஹைதராபாத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு வருடங்களாக ரத்தப் புற்றுநோயை ஆராய்கிறேன். உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஏன் அந்த நோயை விட்டுவைக்கிறது என்பதுதான் என் கேள்வி. நோயாளிகளின் எலும்பு மஜ்ஜை சிறு குழாய்களில் வரும். பெயர் இருக்காது, எண் மட்டும்தான்.

ஒருநாள், செல்களை வளர்க்கும் இன்குபேட்டரின் கதவைச் சரியாக மூடாமல் வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் பார்த்தால் ஒரு நோயாளியின் செல்கள் அத்தனையும் செத்துப்போயிருந்தன. ‘சாம்பிள் போதவில்லை’ என்று மருத்துவருக்கு எழுதினேன். அனுப்ப மனம் வரவில்லை. நேரில் போய் உண்மையைச் சொன்னேன்.

“அடுத்த மாசம் அவங்களுக்கு எப்படியும் மஜ்ஜை எடுக்கணும். கொஞ்சம் கூடுதலா தருவாங்களான்னு நீங்களே கேளுங்க” என்றார்.

அவள் பெயர் ஸ்டெல்லா. செகந்திராபாத் ரயில்வே காலனியில் வளர்ந்த தமிழ்ப் பெண், ஏறக்குறைய என் வயது. பேச்சில் ஹைதராபாத் உருது கலந்து வரும். நடந்ததைச் சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

“செத்தது என் கேன்சர் செல்லுதானே?”

“ஆமாம்.”

“அப்போ கைக்கு, ஏன் அழறீங்க மேடம்? டாக்டருங்க ஆறு மாசமா படாத பாடு படறாங்க, நீங்க ஒரே நாள்ல முடிச்சிட்டீங்க!” என்று சிரித்தாள். “ஹவ், சரி, எடுத்துக்கோங்க. ஆனா ஊசி போடறப்ப பக்கத்துல நிக்கணும்.”

நின்றேன். இடுப்பெலும்பில் ஊசி இறங்கியபோது அவள் கத்தவில்லை. என் விரல்களை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அன்று எடுத்த செல்கள் ஆய்வுக்கூடத்தில் பிழைத்தன. ஸ்டெல்லாவும் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிவிட்டாள். மஜ்ஜை எடுத்தால் வலிக்கும் என்று எத்தனையோ முறை படித்திருக்கிறேன். எவ்வளவு வலிக்கும் என்பதை அன்றுதான் என் விரல்கள் அறிந்தன.