மாடித் தொட்டியில் வளர்ந்த நெட்டைச் செடி

என் கணவர் இறந்து ஏழு வாரம் ஆகியிருந்தபோது, எங்கள் செம்பூர் கட்டடத்தின் செக்ரட்டரி வந்து கதவைத் தட்டினார். மொட்டை மாடியில் வாட்டர்ப்ரூஃபிங் வேலை தொடங்கப் போகிறதாம். தொட்டிகளை எடுத்துவிட வேண்டுமாம்.

"காக்கூ, குலாப், துளசி ரக் லோ. வோ லம்பாவாலா தோ ஜங்லி ஹை, ஃபேங்க் தேங்கே," என்றார். ரோஜாவையும் துளசியையும் வைத்துக்கொள்ளலாம், நெட்டையாக நிற்பது காட்டுச்செடி, எறிந்துவிடலாம்.

சரி என்றேன். அந்த நாட்களில் யார் எதைச் சொன்னாலும் சரி என்றுதான் சொன்னேன். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன், தட்டில் வைத்ததைச் சாப்பிட்டேன். அழுகை மட்டும் வரவில்லை. அதைப் பற்றி உறவுக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில், கணவர் போன பிறகு முதல்முறையாக மாடிக்கு ஏறினேன். நான்கு தொட்டிகளில் அந்தச் செடி என் மார்பு உயரத்துக்கு நின்றது. உச்சியில் ஊதாப்பூ. தசரா கழிந்து அவர் விதை தூவினது நினைவிருந்தது. சாப்பாட்டு மேசையில் அதன் பெயரைக்கூடச் சொன்னார். நான் மொபைலைப் பார்த்தபடி "ம்ம்" என்றேன். பெயர் காதில் ஏறவே இல்லை. அவருடைய மேசை டிராயரில் விதைப் பாக்கெட்டைத் தேடினேன். கிடைக்கவில்லை.

கோபர்கைரனேயில் இருக்கும் மகளுக்குப் படம் அனுப்பினேன். அவள் போனில் செடியின் பெயர் சொல்லும் ஆப் முதலில் உண்ணிச்செடி என்றது. இன்னொரு படத்துக்கு வேறு ஏதோ சொன்னது. "எதுவா இருந்தா என்னம்மா இப்போ," என்றாள். குரல் உடைந்தது. அவளுக்குச் சுலபமாக அழுகை வந்தது.

எதிர் ஃபிளாட்காரர் தாராவியில் ஒரு பள்ளியில் உயிரியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிக்காரர். என்னைவிட இரண்டு வயது இளையவர். கேட்டதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னோடு மேலே வந்தார்.

"அக்கா, தண்ட ரெண்டு விரலால உருட்டிப் பாருங்க."

உருட்டினேன். உருளவில்லை. நான்கு விளிம்புகள் விரலில் தட்டின. சொரசொரப்பாகவும் இருந்தது.

"துளசித் தண்டும் இப்படித்தானே?"

"ஆமா. தண்ட மட்டும் வச்சு முடிவு பண்ணக் கூடாது. இலையக் கசக்கி மோந்து பாருங்க."

துளசி வாசனை இல்லை. உண்ணிச்செடியின் காரமான நெடியும் இல்லை. வெறும் பச்சை வாடை. இலைகள் எதிரெதிராக, ஜோடி ஜோடியாக இருந்தன, நீளமாக, ஓரத்தில் ரம்பம்போல் வெட்டு, தடவினால் உப்புத்தாள்.

"இலைக்குக் காம்பே இல்ல, பாத்தியளா? அடிப்பக்கம் அப்படியே தண்டக் கட்டிப் பிடிச்சிருக்கு. உண்ணிச்செடின்னா காம்பு இருக்கும்."

மேலே போகப்போக இலை குறைந்து, செடி வெறும் குச்சிகளாகப் பிரிந்தது. அதன் ஊடாக எதிர்க் கட்டடத்தின் ஜன்னல்கள் தெரிந்தன. ஒவ்வொரு குச்சியின் நுனியிலும் சிறு பூக்கள் நெருக்கமாகக் கொத்தாக இருந்தன. டீச்சர் ஒரு பூவைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். அரிசிமணி அளவு. மெல்லிய குழல், வாயில் ஐந்து இதழ்கள்.

"வெர்பினாதான் இது. நர்சரியில விக்கிறது தரையோட படரும். இது நெட்டையா வளர்ற வகை."

"வெர்பினா, ஆனா உன் உயரத்துக்கு வரும்." என் கணவர் சாப்பாட்டு மேசையில் அப்படித்தான் சொன்னார் என்று தோன்றியது. உண்மையிலேயே நினைவு வந்ததா, அப்போது நானே கட்டிக்கொண்டதா, தெரியவில்லை. டீச்சரிடம் சொன்னேன்.

"அழணும்னா அழுங்கக்கா."

"வரல."

"வரலைன்னா விடுங்க," என்றார். பிளாஸ்டரைத் துண்டு துண்டாகக் கிழித்து, பேனாவால் பெயரெழுதி நான்கு தொட்டியிலும் ஒட்டினார்.

அன்று மாலையே செக்ரட்டரியிடம் போய், அது காட்டுச்செடி இல்லை, எறிய வேண்டாம் என்றேன். அத்தனை வாரத்தில் நான் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் தோளைக் குலுக்கி, கீழே மீட்டர் அறைச் சுவரோரம் வைத்துக்கொள்ளச் சொன்னார். இறக்கும்போது ஒரு கிளை முறிந்தது. அதை எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். உதிர்ந்த பூக்களைத் தினமும் மேசையிலிருந்து துடைத்தேன். எதுவும் தோன்றவில்லை.

மீட்டர் அறைப் பக்கம் வெயில் போதவில்லை. ஏப்ரலுக்குள் மூன்று தொட்டிகள் காய்ந்துவிட்டன. நான்காவதிலிருந்து டீச்சர் விதை சேகரித்து, ஒரு கவரில் போட்டுத் தந்தார். மகளுக்குப் பாதி கொடுத்தேன்.

அழுகை ஜூன் மாதம் வந்தது. குர்லா பிளாட்பாரத்தில், மழையில் தாமதமான ரயிலுக்கு நிற்கும்போது, ஒரு காரணமும் இல்லாமல். பெஞ்சில் இருந்த பெண் நகர்ந்து இடம் விட்டாள். இரண்டு ரயில்கள் போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.