தோளின் உயரத்தில்

செவிலிமேட்டிலிருந்து பெரிய காஞ்சிபுரம் போகும் ஷேர் ஆட்டோவில் அவர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். சட்டையில்லாத வலது தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் காய்ப்பு. கோயிலில் சாமி தூக்குபவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. இறங்கியதும் ஆட்டோவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நகருபா, பின்னால பஸ் நிக்குது" என்று டிரைவர் அலுத்துக்கொண்டார்.

கூடவே இறங்கிய எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இது என்ன சாமி வாகனமா? வெறும் ஆட்டோதானே?"

"வாகனம்னாலே சுமக்கறதுதான் சார். நாங்க ரிஷபத்தத் தூக்கறோம். ரிஷபம் சாமியத் தூக்குது. எங்களத் தூக்கிக்கினு வர்றது இது ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுக் கோயில் பக்கம் நடந்தார்.

வாகனம் என்பது, சுமப்பது என்ற பொருளுள்ள வடமொழி வேரிலிருந்து வந்த சொல் என்று நானும் படித்திருக்கிறேன். ஆனால் ரோட்டில் ஓடும் எதையும் அப்படிப் பார்த்ததில்லை.

பங்குனி உற்சவத்தில் வெள்ளி ரிஷபம் வந்தபோது எல்லாரும் அண்ணாந்து கும்பிட்டார்கள். நான் தூக்கும் தண்டுக்குக் கீழே அவரைத் தேடினேன். வியர்வையில் எல்லாத் தோளும் ஒன்றுபோல இருந்தன. தலைக்குமேல் போக வேண்டிய என் கை, அந்தத் தோள்களின் உயரத்திலேயே குவிந்து நின்றுவிட்டது.