வெறும் தரைக்கு வைத்த பொட்டு

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பிழைகளும் இருக்கும். வாயால் சொல்லக் கூச்சப்பட்டே பல வருடம் கடத்திவிட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் இருந்தேன். அதே ஷெட்டில் அதற்கு முன் வேறொரு கம்பெனி ஓடியது; ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு அதை மூடிவிட்டார்கள். அதிலிருந்து மிஞ்சியவர் ஒரே ஒருவர். அவரை அண்ணாத்தே என்போம். ஆயுத பூஜையன்று நாங்கள் மெஷின்களுக்குச் சந்தனம், குங்குமம் வைப்போம். அவர் மட்டும், விற்றுப்போன பழைய மெஷின்கள் நின்ற மூலைக்குப் போவார். அங்கே தரையில் அவற்றைப் பிணைத்திருந்த துருப்பிடித்த போல்ட்டுகள்தான் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்து, அந்த மெஷினை ஓட்டியவரின் பெயரை முணுமுணுப்பார்.

"நீங்கல்லாம் ஆளா? எங்க ஆளுங்க இருந்த எடத்துல சும்மா நின்னுகினு கீறீங்க" என்பார் எங்களிடம்.

என் பக்கத்து மெஷினுக்குப் பூந்தமல்லிக்காரன் ஒருவன் புதிதாக வந்தான். வீட்டில் கைக்குழந்தை. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கம்ப்யூட்டர் கேம் கடைக்கு இழுத்துப்போவான். அவன் ஆடுவான், நான் பார்ப்பேன். திரையில் வரும் இங்கிலீஷை அவனே எனக்குச் சொல்வான். ஒரு கேமில் சாவே இல்லாத வில்லன். அவனுடைய நகரமும் ஜனமும் எப்போதோ அழிந்துபோயின. இப்போது உயிரோடு இருப்பவர்களைப் பலிகொடுத்தால் செத்தவர்கள் திரும்பி வருவார்களாம்.

"இன்னா சொல்றான்?" என்றேன்.

"நாமெல்லாம் அரைகொறை ஜனமாம் மாமே. அவன் ஆளுங்கதான் முழு மனுசங்களாம். அத்தினி பேரையும் நெனச்சிகினே கீறான்."

"பாவம்பா."

"பாவமா? ஊரையே கொளுத்துறான். நீ இன்னா அவன் கட்சியா?"

சிரித்துக்கொண்டே வில்லனை வெட்டினான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செத்துப்போனவர்களுக்காக அழ அவன் ஒருவன்தானே இருந்தான் என்று பட்டது.

சில வாரம் கழித்து அந்த போல்ட்டுகளை அறுத்தெடுத்துவிட்டு, அங்கே புது மெஷின் ஒன்றை நிறுத்தினார்கள். பூந்தமல்லிக்காரனிடம் கொடுத்தார்கள். ஒரு காலை நான் சீக்கிரம் வந்துவிட்டேன். அண்ணாத்தே அந்த மெஷினின் கியர் பெட்டியைத் திறந்து, ஒரு பிடி இரும்புத் தூளைக் கொட்டினார். முகமெல்லாம் கண்ணீர். வாசலிலேயே நின்றுவிட்டேன்.

பத்து மணிக்கு மெஷின் நின்றது. பெட்டிக்குள் இரும்புத் தூளைப் பார்த்த சூப்பர்வைசர், மூடாமல் ஓட்டியிருக்கிறாய் என்று பூந்தமல்லிக்காரனைத் திட்டி, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் அண்ணாத்தே பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"காலைல நான் பாத்தேன் அண்ணாத்தே. அவனுக்குக் கைக்கொயந்த கீது."

"எங்க ஆளுங்களுக்குக் கொயந்த இல்லியா? அவங்கள வெளிய தள்ளினப்போ எவன்டா கேட்டான்?"

அவர் கேட்டது நியாயம்தான்.

"இவன் தள்ளலியே."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

"நீங்களே சொல்லிடுங்க. இல்லாங்காட்டி நான் சொல்லுவேன்."

"நீயா? ஒனக்குத்தான் வாயே கெடையாதே."

மணி அடிக்கும்வரை காத்திருந்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. நான் எழுந்து போய் சூப்பர்வைசரிடம் திக்கித் திக்கிச் சொன்னேன். அண்ணாத்தேயைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவர் மறுக்கவில்லை. டிபன் பாக்ஸைக் கழுவி எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார். யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

பூந்தமல்லிக்காரனுக்கு வேலை தங்கியது. "அந்தாளு சரியான வில்லன் மாமே" என்றான். அப்படிச் சொல்லாதே என்று மட்டும் சொன்னேன். மீதியைச் சொல்ல அப்போது வார்த்தை வரவில்லை. அவர் அழுதது பொய்யில்லை. அதற்காக அவர் செய்தது சரியாகிவிடாது. அவர் செய்தது தப்பு என்பதால் அவர் அழுகை பொய்யாகியும் விடாது.

சொன்னதற்கு நான் வருந்தவில்லை. கேட்வரை அவரோடு நடந்து போயிருக்கலாம்.

இதை எழுதி முடித்தது ஆவணி மாதம் ஐந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.