துணி வியாபாரியின் மனைவியும் சாந்தகுமாரியும்

சாந்தகுமாரிக்கு ஐம்பத்தாறு வயது. கணவர் ஏரம்பமூர்த்தியோடு தாங்கள் குடியேறிய வெளிநாட்டு ஊரான மங்கரேயில் மளிகைக் கடை நடத்துகிறாள். கடை அவர் பெயரில், சரக்கு ஏற்றும் வேனும் அவர் பெயரில். யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. படிவம் வந்த நேரங்களில் அவர்தான் முன்னால் நின்றிருக்கிறார்.

சென்ற ஆண்டு ஒரு தேவாலயத்தில் நடந்த பழைய பொருள் விற்பனையில் அவள் சமையல் புத்தகங்கள் ஒரு பெட்டி வாங்கினாள். அடியில் உள்ளங்கை அளவில், தோல் அட்டை போட்ட ஆங்கில ஜெபப் புத்தகம் கிடந்தது. முதல் பக்கத்தில் மங்கிய மையில் மூன்று பெயர்கள். எஸ்தர், லண்டன் துணி வியாபாரியின் மனைவி, 1671. கீழே ஆன். அதற்கும் கீழே மார்த்தா. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் 'அவளுடைய புத்தகம்' என்று எழுதியிருந்தது.

படம் எடுத்துப் பல்கலைக்கழக நூலகத்துக்கு அனுப்பினாள். அங்கே பழைய புத்தகங்களைப் பார்த்துக்கொள்ளும் வைஷாலி, மதுரைக்காரி, சனிக்கிழமை கடைக்கே வந்துவிட்டாள்.

"அப்போ இங்கிலாந்துல கல்யாணமாயிட்டா பொண்ணோட பொருளெல்லாம் புருஷனுக்குத்தான் ஆன்ட்டி. புத்தகமும் சேர்த்து."

"அப்ப ஏன் தன்ர புத்தகம் எண்டு எழுதி வச்சவ?"

"தெரியல. ஆனா நிறைய பேர் எழுதியிருக்காங்க."

தராசடியில் நின்று கேட்ட ஏரம்பமூர்த்திக்கு அந்தச் சட்டத்தில் குறை எதுவும் தெரியவில்லை. அடுத்த வாரமே பழம்புத்தக வியாபாரி ஒருவரைப் பிடித்து, அதை வாங்கிப்போக வியாழக்கிழமை வரச் சொல்லிவிட்டார்.

"என்னட்டக் கேட்டனீங்களோ?" என்றாள்.

"என்னத்தைக் கேக்கிறது? எங்கட புத்தகம்தானேயப்பா."

சாந்தகுமாரி கையைத் துடைத்தாள். விலை எழுதும் நீலப் பேனாவை எடுத்து, மார்த்தாவுக்குக் கீழே எழுதினாள்: 'சாந்தகுமாரி, அவளுடைய புத்தகம், மங்கரே.' எழுத்து நேராக வந்திருந்தது.

வியாழக்கிழமை வியாபாரி வந்தார். பக்கத்தைத் திறந்தார். நீல எழுத்தைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். பிறகு, பென்சிலா என்று கேட்டார். பேனா என்றாள். புத்தகத்துக்கு விலை சொல்லாமலே தேநீரைக் குடித்து முடித்து, ஒரு பாக்கெட் முறுக்கு வாங்கிக்கொண்டு போனார்.

ஏரம்பமூர்த்தி இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் மிளகாய்த்தூள் மூட்டை எங்கே இருக்கிறதென்று கேட்க வேண்டியதாயிற்று.

வைஷாலியிடம் சொல்லத்தான் அவளுக்குப் பயமாக இருந்தது. ஒரு வாரம் தள்ளிப்போட்டுப் பிறகு போன் செய்தாள்.

"பால்பாயிண்ட் பேனாவா?" என்றாள் வைஷாலி.

"ஓம் பிள்ளை. பிழைதான்."

"பிழைதான் ஆன்ட்டி." விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "சரி. நூலகத்துல வச்சிருக்கிற, இந்தப் புத்தகத்தோட உரிமையாளர் பட்டியல்ல உங்களையும் சேர்க்கணும். மத்தவங்களுக்குப் புருஷன் தொழில்தான் இருக்கு, அதுவும் எஸ்தருக்கு மட்டும். உங்களுக்குத் தொழில்னு என்ன போட?"

"வியாபாரி எண்டு போடுங்கோ. எனக்குத்தான்."

புத்தகம் இப்போது கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மதியத்தில் கூட்டமில்லாதபோது, அகராதியைப் போனில் வைத்துக்கொண்டு அவள் ஒரு பக்கம் வாசிக்கிறாள். போன வாரம் பிரசவ வேதனையில் சொல்லும் ஜெபத்துக்கு வந்திருந்தாள். அவளுக்கு இனி அது தேவைப்படாது. ஆனாலும் ஒரு வரி விடாமல் வாசித்தாள்.