கயிறு பிடிக்கும் பெனிஸ்டன்

சந்து முனையிலேயே பைக் இன்ஜினை அணைத்துவிடுகிறான் பெனிஸ்டன். அங்கிருந்து வீடு வரை தள்ளிக்கொண்டு வருகிறான். படியடியில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மாடி ஏறுகிறான். அறைக்குள் நுழைந்ததும் தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல், தரையில் சுருண்டு கிடக்கும் பச்சை நைலான் கயிற்றின் முனையை எடுத்து இடது மணிக்கட்டில் சுற்றி, இரண்டு முறை லேசாகச் சுண்டுகிறான். ஜன்னல் வழியாகச் சந்தைத் தாண்டி எதிர்வீட்டுக்குள் போகும் கயிறு அது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சுண்டு திரும்பி வருகிறது. அதற்குப் பிறகுதான் பையை இறக்குகிறான்.

மீன்வளப் படிப்பில் கடைசி வருடம். சொந்த ஊர் நாசரேத். அப்பா, அம்மா இருவரும் பள்ளி ஆசிரியர்கள். ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் தூத்துக்குடி கடற்கரைச் சாலைக்குப் பின்னால் இந்த மாடி அறைக்கு வந்தான். வெளியே அறை எடுத்துத் தங்கும் மாணவர்களைப் பற்றி எழுதுவதற்காக இந்தத் தெருக்களில் நான் விசாரித்தபோது முக்கால்வாசிப் பேர் திட்டினார்கள். பாட்டு, பைக் சத்தம், மாடியிலிருந்து வந்து விழும் பிரியாணிப் பொட்டலம். பெனிஸ்டன் பெயரைச் சொன்னதும் பேச்சு நின்றுவிடும். வீட்டுக்காரம்மா இசபெல்லாவிடம் கேட்டேன். "நல்ல பிள்ளை. இவனுக்கு முந்தி இருந்தவனுவ போட்ட ஆட்டத்துக்கு இவன் இருக்கானா இல்லையான்னே தெரியாது" என்றவர், நான் படியில் கால் வைத்ததும் பின்னாலிருந்து சொன்னார்: "மேல வழுக்கும், பாத்துப் போங்க. அங்கன எப்பவும் ஈரம்."

மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தது.

எதிர்வீட்டில் இருப்பவர் ரோச். சங்கு குளித்தவர். வள்ளத்தில் இருக்கும் கம்ப்ரஸரிலிருந்து டியூப் வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டு ஆழத்தில் வேலை செய்வார்கள். இடுப்பில் ஒரு கயிறு. அதன் மறுமுனை வள்ளத்தில் ஒருவர் கையில். இந்தக் கடற்கரையில் அந்தக் கயிற்றை மனைவியின் அண்ணன் தம்பிக்குத்தான் கொடுப்பார்கள். தன் அக்கா தங்கை தாலி இழக்க எந்த மச்சானும் விடமாட்டான் என்ற கணக்கு. ரோச்சுக்குக் கயிறு பிடித்தவர் மனைவி விஜிலாவின் அண்ணன் தனராஜ். ஒருநாள் போன் வந்தது என்று கயிற்றை வள்ளத்தின் விளிம்புக் கட்டையில் கட்டிவிட்டுப் பேசப் போனார். கீழே டியூப் மடங்கிக் காற்று நின்றது. ரோச் இழுத்த இழுப்பையெல்லாம் கட்டைதான் வாங்கிக்கொண்டது. நின்று நின்று ஏற வேண்டிய ஆழத்திலிருந்து மூச்சு முட்டித் தானாக, அவசரமாக மேலே வந்தவருக்கு இடுப்புக்குக் கீழே செத்துவிட்டது. நாக்கும் குழறுகிறது. தனராஜ் அதன்பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

விஜிலா காலையிலேயே இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போய்விடுவார். பகலெல்லாம் ரோச் தனியாகக் கிடப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்த பெனிஸ்டன், ஒரு கயிற்றின் முனையை அவர் கையில் கொடுத்து, மறுமுனையைத் தன் ஜன்னல் கம்பியில் மணியோடு கட்டினான். தண்ணீர் வேண்டுமென்றால் இழுக்கலாம். பக்கத்து வீட்டுப் பையன் செய்யக்கூடிய சின்ன உதவி. சந்து குறுகலானது. தேவைக்கு மேல் கயிறு மிஞ்சியது. அதைச் சுருட்டி அறைத் தரையில் போட்டான்.

ஒரு மதியம் அந்தச் சுருள் தானாகக் கரைய ஆரம்பித்தது. வளையம் வளையமாக ஜன்னலுக்கு வெளியே போனது. எட்டிப் பார்த்தால் ரோச் கட்டிலில் அசையாமல் தூங்குகிறார். கண் மட்டும் திறந்திருக்கிறது. கயிறு அவர் முஷ்டிக்குள் போகிறது, மறுபக்கம் வரவில்லை. கட்டிலுக்கடியில் வெறும் தரை. நெஞ்சு ஏறி இறங்கவில்லை. பெனிஸ்டன் பயந்துபோய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தான். கனத்தது. இழுக்க இழுக்க ஈரமாக வந்தது. கடைசி வளையம் வந்து சேர்ந்தபோது எதிர்வீட்டில் பெரிய மூச்சு ஒன்று கேட்டது, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வருபவனின் மூச்சு.

சாயங்காலம் விஜிலா வந்தார். எதுவும் கேட்காமல் ஜன்னல் கம்பியில் இருந்த முடிச்சை அவிழ்த்து, முனையை அவன் கையில் வைத்தார். "கட்டக்கூடாது தம்பி. கையில வச்சிரு."

பகல் தூக்கத்தில்தான் ரோச் முங்குகிறார். சங்கு குளிக்கப் போகிற நேரம் பகல்தானே. டாக்டர் இந்த மூச்சு நிற்பதற்கு ஒரு பெயர் சொல்லி, மூக்கில் மாட்டும் மெஷின் எழுதிக்கொடுத்தார். மெஷின் மாட்டிய மதியமும் மூச்சு நின்றது. அன்று லீவு போட்டிருந்த விஜிலா உலுக்கிப் பார்த்தார், எழவில்லை. விஜிலா கயிற்றைப் பிடித்தால் அது அசைவதே இல்லை. கூடப் படிக்கும் அனிஷ் ஒருமுறை இழுத்துப் பார்த்தான். கனமே இல்லாமல் சும்மா வந்தது, ரோச்சின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. பெனிஸ்டன் பிடுங்கிக் கையில் வாங்கிய பிறகுதான் கனம் ஏறியது. "அவருக்குக் கை தெரியுது அண்ணே" என்கிறான் பெனிஸ்டன் என்னிடம். ரோச் அவனை மச்சான் என்றே கூப்பிடுகிறார். டீக்கடையில், "நாசரேத்துப் பய பொண்ணு குடுக்காமலே மச்சானாயிட்டான்" என்று சிரிக்கிறார்கள். சிரித்தாலும் அவன் டீக்குக் காசு வாங்குவதில்லை.

இடது மணிக்கட்டில் தழும்பு மாதிரி ஒரு பச்சைக் கோடு விழுந்திருக்கிறது. மதியத்துக்கு மேல் வகுப்பில்லை, ரோச் தூங்கும் முன் வந்து கயிற்றைப் பிடித்துவிடுகிறான். சாப்பிடுவது, புராஜெக்ட் எழுதுவது எல்லாம் வலது கையால்தான். மதிய வேளையில் பாத்ரூம் போவதானாலும் கயிறு கூடப் போகிறது. அதைச் சொல்லும்போது மட்டும் அவனுக்கு வெட்கம் வருகிறது.

போன வாரம் நெல்லூர் பக்கத்து இறால் குஞ்சுப் பண்ணை ஒன்று அவனை வீடியோவில் நேர்காணலுக்குக் கூப்பிட்டது. படிப்பு முடியும் முன்பே வேலை. வீட்டில் அம்மா ஜெபம் வைத்திருந்தார். நேரம்தான் இடித்தது, ரோச் தூங்கும் நேரம். மாற்றிக் கேட்டான், முடியாது என்றார்கள். ரோச் அறிந்த இன்னொரு கை ஒன்றே ஒன்று. ஐஸ் கம்பெனியில் தனராஜைத் தேடிப் போனான். அவர் கட்டி உடைப்பதை நிறுத்தவில்லை.

"நான் பிடிச்ச கயிறு போதும். வேற ஆளப் பாரு" என்றார். அவன் போகாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, "வாரேன்னு சொல்லமாட்டேன். பாக்கேன்" என்றார்.

அன்று நானும் அறையில் இருந்தேன். அவன் மேலே வெள்ளைச் சட்டை, டை, கீழே கைலி. கேமராவில் தெரியாமல் மேஜைக்கடியில் கயிறு. விஜிலா கணவர் தூங்காமல் இருக்கக் கடுங்காப்பி கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போயிருந்தார். பலனில்லை. இறாலுக்கு வரும் வெண்புள்ளி நோயைப் பற்றிக் கேட்டார்கள். அழகாகச் சொல்லிக்கொண்டிருந்தான். என் காலருகே சுருள் கரைய ஆரம்பித்தது.

வழக்கமாகப் பாதியில் நிற்கும் என்று சொல்லியிருந்தான். அன்று நிற்கவில்லை. படியில் காலடி கேட்டது. பாதிப் படியில் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். தனராஜ் சுவரில் கையை ஊன்றி, மேலே அண்ணாந்து பார்த்தபடி நின்றார். வாருங்கள் என்று கைகாட்டினேன். வருகிறேன் என்பதுபோல் தலையை ஆட்டினார். கால் நகரவில்லை.

கடைசி வளையமும் போனது. கயிறு விறைத்து, பெனிஸ்டனின் கையை மேஜை மேல் இழுத்தது.

"மிஸ்டர் பெனிஸ்டன், அங்க எதுவும் பிரச்சனையா?" என்றது லேப்டாப்.

"ஒரு நிமிஷம் சார். கயிறு பிடிச்சிருக்கேன்."

எழுந்துவிட்டான். கைலியும் கயிறும் கேமராவில் தெரிந்தன. ஜன்னல் சுவரில் காலை முட்டுக்கொடுத்து, கை மாற்றிக் கை மாற்றி இழுத்தான். தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து விழுந்த கயிற்றில் உப்பு வாடையும் பொடி மணலும் இருந்தன. எதிர்வீட்டிலிருந்து அந்தப் பெரிய மூச்சு வந்தது. அடுத்து இருமல். அடுத்து, குழறலாக, "மச்சான்."

படியில் காலடி இறங்கிப் போனது.

"ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்று நெல்லூர்க்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். பெனிஸ்டனின் இரண்டு கையிலும் கயிறு. முழங்கையால் லேப்டாப்பை மூடினான். பிறகு கயிற்றை இரண்டு முறை லேசாகச் சுண்டினான்.