நீர்க்காகத்துக்குக் குரல் கொடுத்த செலின் சேச்சி

பச்சாளத்தில் எங்கள் கார்ட்டூன் ஸ்டூடியோவில் மத்தியானம் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. ஒரு மணி ஆனால் செலின் சேச்சியின் குரல் மூன்று மாடிக்கும் கேட்கும்.

"சோறு ஆறிப் போகுது! வர்றவங்க வாங்க, மத்தவங்க அந்தக் கம்ப்யூட்டரையே கடிச்சுத் தின்னுங்க!"

சேச்சி எங்கள் சமையல்காரி. தினமும் வைப்பின் தீவிலிருந்து பஸ் ஏறி வந்து முப்பது பேருக்குச் சோறும் மீன்குழம்பும் வைப்பவர். அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் தலையில் அலுமினியச் சருவத்தோடு தெருத் தெருவாகச் சாளை மீனும் அயிலை மீனும் விற்றவர். அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் தொண்டை போய்விட்டது. தகரத்தை மணலில் இழுத்தது மாதிரி ஒரு குரல்தான் மிச்சம். அவருடைய சர்ச்சில் பாட்டுக் குழுவை நடத்துகிறவர், "செலினே, நீ வாயை மட்டும் அசை, பாட்டை மனசுக்குள்ள பாடு" என்று சொல்லியிருக்கிறார். சேச்சி இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். நான் மூன்றாம் முறை கேட்டபோதுதான் அது சிரிப்பில்லை என்று உறைத்தது. அவ்வளவு மந்தம் எனக்கு.

நான் இங்கே எடிட்டர். ஒலிப்பதிவும் என் தலையில்தான். நாகர்கோவிலிலிருந்து வந்து இருபது வருஷம் ஆகியும் இவர்களுக்கெல்லாம் நான் அண்ணாச்சி.

அந்த வருஷம் நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தது 'தோணிக்காரி அம்மிணி' என்ற குழந்தைகள் தொடர். அம்மிணி என்கிற சிறுமி தோணியில் போய் ஊர் வம்பையெல்லாம் தீர்த்து வைப்பாள். சிரிப்புக்கு ஒரு நீர்க்காகம். பெயர் பைலி. காயலின் நடுவே ஒரு கம்பத்தில் இரண்டு சிறகையும் விரித்து நின்றுகொண்டே இருக்கும். தோணி கவிழட்டும், திருடன் ஓடட்டும், பைலியின் பதில் ஒன்றுதான்: "இருங்கப்பா, சிறகு காயட்டும்!" காய்ந்து முடியும்போது ஆபத்தும் முடிந்திருக்கும். உடனே ஒரு கரிமீனைப் பார்த்துத் தண்ணீரில் பாய்ந்து மறுபடி நனைந்துவிடும்.

எங்கள் தொழிலில் முதலில் குரல், பிறகுதான் படம். கைக்குக் கிடைத்த யாரையாவது பேச வைத்து ஒரு டிராக் எடுப்போம். அதைக் கேட்டுத்தான் வாயும் கழுத்தும் வரைவார்கள். எல்லாம் முடிந்ததும் பெரிய கலைஞர் வந்து மேலே பேசுவார், டிராக் குப்பைக்குப் போகும். பைலிக்கு நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். ஒருநாள் நான் சாப்பிட வராததற்காகச் சேச்சி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து என்னைத் திட்டினார். மைக் ஓடிக்கொண்டிருந்தது. டைரக்டர் ஷாஜன் ஹெட்போனைக் கழற்றாமலே எழுந்து நின்றுவிட்டான்.

"அண்ணாச்சி, நீங்க எழுந்திருங்க. சேச்சி, நீங்க உக்காருங்க. இதான் பைலி."

"டேய், அடுப்புல மீன் இருக்குடா!"

அந்த வரியையும் நாங்கள் விடவில்லை. இரண்டாம் பகுதியில் பைலி அதைச் சொல்கிறது.

பதின்மூன்று பகுதிகளுக்குச் சேச்சி டிராக் பேசினார். படம் வரையும் எங்கள் பசங்கள் அந்தக் குரலில் சொக்கிப்போய், சொல்லை மட்டுமா வரைந்தார்கள்? ஒவ்வொரு வரிக்கும் முன்னால் சேச்சி எடுக்கும் 'ஹ்க்' என்ற மூச்சையும் வரைந்தார்கள். கழுத்து ஆணி அடித்தது போல நிற்கும், நெஞ்சு மட்டும் உப்பும், அப்புறம்தான் சொல் வரும். டிராக் குப்பைக்குப் போய்விடப் போகிறது என்பதை ஷாஜனும் மறந்தான், நானும் மறந்தேன். முட்டாள்கள்.

சேனலிலிருந்து வினீதா மேடம் வந்து பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபடி, "பறவை பிரமாதம் ஷாஜன். குரலை மாத்திடலாம். மாஞ்ஞாலி வர்க்கிச்சன் ஒத்துக்கிட்டாரு" என்றார்.

வர்க்கிச்சனைத் தெரியாதவர் எங்கள் பக்கம் கிடையாது. திருவிழா மேடையில் மிமிக்ரி செய்ய ஏறினால் ரயிலிலிருந்து யானை வரை எல்லாக் குரலும் வரும். போஸ்டரில் அவர் பெயர் இருந்தால் விளம்பரதாரர்கள் வரிசையில் நிற்பார்கள். மேடத்தைக் குறை சொல்ல முடியாது, ஆனால் சொல்லத்தான் தோன்றியது. சேச்சி அதற்குள் வைப்பினில் அத்தனை பேரிடமும் டிவியில் தன் குரல் வரப்போகிறது என்று சொல்லி முடித்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் வர்க்கிச்சன் வந்தார். சேச்சியின் டிராக்கைக் கண்ணை மூடி இரண்டு தடவை கேட்டார். வாயைத் திறந்தார். அச்சு அசல்! அந்தத் தகரம், அந்த மணல், எல்லாம் அப்படியே. அறை முழுக்கக் கைத்தட்டல். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சேச்சி டீ தட்டோடு நின்றிருந்தார்.

"அண்ணாச்சி, இது நான்தானே?"

"இல்ல சேச்சி. அவரு."

"அப்போ சரி. முடிஞ்சுது." தட்டை வைத்துவிட்டுத் திரும்பினார்.

முடியவில்லை. படத்தை ஓட்டி அதன்மேல் பேச வைத்ததும் வண்டவாளம் வெளியே வந்தது. பைலியின் நெஞ்சு உப்புவதற்குள் வர்க்கிச்சன் பேசிவிடுவார். காத்திருந்து பேசினால் பறவை வாயை மூடியிருக்கும். இருபத்தெட்டு தடவை எடுத்தோம். குரல் சேச்சியுடையதுதான், மூச்சு வர்க்கிச்சனுடையதாக இருந்தது.

வர்க்கிச்சனுக்கு ரோஷம் வந்துவிட்டது. சேச்சியைக் கூப்பிட்டுப் பேசிக் காட்டச் சொன்னார். குனிந்து குனிந்து பார்த்தார்.

"சேச்சி, பேசுறப்போ வலது கை ஏன் தலைக்குப் போகுது?"

சேச்சி வெட்கப்பட்டுக் கையை இறக்கினார். "பழக்கம் சார். சருவம் சரிஞ்சா மீனெல்லாம் தெருவுல. கழுத்தை ஆட்டாம அடிவயித்துலேர்ந்துதான் கத்தணும்."

"அப்படிச் சொல்லுங்க! கொண்டாங்க ஒரு சருவம்!"

சோறு வடிக்கிற பாத்திரத்தில் பாதித் தண்ணீர் ஊற்றித் தலையில் ஏற்றிக்கொண்டார் மனிதர். என் மைக்கைக் காப்பாற்ற அவரை வராந்தாவில் நிறுத்தினேன். நெஞ்சை உப்பவைத்தார். 'ஹ்க்' என்றார். பிரமாதமாக வந்தது. "இருங்கப்பா" வரை போனார். அவ்வளவுதான், தண்ணீர் முழுக்க அவர்மேல். இரண்டு கையையும் அகல விரித்துச் சொட்டச் சொட்ட நின்றார்.

"சார், கம்பம் கொண்டு வரட்டுமா?" என்றான் மாடியிலிருந்து ஒருவன்.

முதலில் சிரித்தது வர்க்கிச்சன்தான்.

வினீதா மேடம் சிரிக்கவில்லை. அவர் கணக்கு வேறு. "சரி, ரொம்பச் சுலபம். குரல் இவங்களோடதே இருக்கட்டும். டைட்டில்ல வர்க்கிச்சன் பேரு. யாருக்குத் தெரியப் போகுது?"

ஷாஜன் தரையைப் பார்த்தான். நான் கீபோர்டைத் துடைத்தேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பேசியது சேச்சிதான்.

"மேடம், பன்னெண்டு வருஷம் மீன் வித்திருக்கேன். நான் கத்திக் கூவினதுக்கு வேற ஒருத்தி வந்து வியாபாரம் பண்ண விட்டதில்ல. என் பேரு போடுங்க. இல்லாட்டி பைலி நாளையிலேர்ந்து ஊமை."

"பதிமூணு எபிசோட் ஏற்கெனவே முடிஞ்சுதே சேச்சி."

"முடிஞ்சத வச்சுக்குங்க. இன்னும் முப்பத்தொம்பது இருக்கு. போர்டுல எழுதியிருக்கீங்கல்ல, நான் தினமும் பாக்குறேன். அதுக்கு யாரு தலையில தண்ணி ஊத்துவீங்க?"

சமையலறைக்குப் போய்விட்டார். அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டது.

வர்க்கிச்சன் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து மேடத்தின் எதிரே உட்கார்ந்தார்.

"மேடம், நான் அடுத்தவன் குரல்ல பிழைக்கிறவன். ஆனா மேடையில ஒவ்வொரு தடவையும், 'இது இன்னாரோட குரல்'னு பேரைச் சொல்லிட்டுத்தான் ஆரம்பிப்பேன். அதைச் சொல்லாதவனை நாங்க கலைஞன்னு சொல்றதில்ல, திருடன்னு சொல்லுவோம். என்னைத் திருடனாக்காதீங்க."

"அப்போ போஸ்டர்ல யாரைப் போடுறது?"

"என்னையே போடுங்க. தப்பிச்சு ஓடுமே ஒரு கரிமீன், அதுக்கு நான் பேசுறேன். அந்த அம்மா திட்டுறதை எதிர்ல நின்னு வாங்குறதுக்கு ஒரு ஆளு வேணும்ல?"

மேடம் நெடுநேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு, "சேச்சியோட முழுப் பேரு என்ன?" என்று கேட்டார். அதற்கு அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னோம். அன்றைக்கு மீன்குழம்பில் உப்பு கொஞ்சம் அதிகம், யாரும் மூச்சுவிடவில்லை.

டைட்டிலில் ஒரு பெயருக்கு இரண்டு வினாடி என்பது சேனலின் விதி. விதியெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் அன்று கீபோர்டைத் துடைத்ததற்குப் பிராயச்சித்தமாக எதையாவது செய்தாக வேண்டியிருந்தது. எடிட்டருக்குக் கையில் இருப்பது வினாடிகள்தானே. சேச்சி பெயருக்கு ஆறு வினாடி வைத்தேன். சேனலில் யாரும் கவனிக்கவில்லை, அல்லது கவனித்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள்.

முதல் ஒளிபரப்பு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. நான் போனபோது வைப்பினில் சேச்சி வீட்டில் நிற்க இடமில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் கட்டிலுக்கு அடியில்கூட இருந்தார்கள். சேச்சியின் கணவர் பத்ரோஸ் சேட்டன், படகு வேலைக்குப் போகாமல் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு டிவிக்கு முன்னால் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார். அதிகம் பேசாத மனிதர்.

டைட்டில் பாட்டு முடிந்தது. பைலி சிறகை விரித்தது. கீழே எழுத்து வந்தது: 'பைலியின் குரல்: செலின் பத்ரோஸ்'. வந்து, அப்படியே நின்றது. நான்காம் வினாடியில் சேச்சிக்குக் கூச்சம் தாங்கவில்லை.

"என்ன அண்ணாச்சி இது, இவ்ளோ நேரமா? சீக்கிரம் போகச் சொல்லுங்க."

பத்ரோஸ் சேட்டன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் உயர்த்தினார்.

"இருக்கட்டும்டி. நான் இன்னும் வாசிச்சு முடிக்கல."