ஒரு செவ்வரத்தைக் காயின் திகதி

எங்கள் முற்றத்துச் செவ்வரத்தையில், அதாவது செம்பருத்தியில், ஓர் அட்டைத்துண்டு தொங்குகிறது. தபால் பைக்குக் கட்டுகிற அட்டை, அதே சணல் நூல். மழைக்கு நையாமலிருக்கப் பொலித்தீன் சுற்றி வைத்திருக்கிறேன். அதில் ஒரு பெயரும் திகதியும் கோடிட்டு வெட்டப்பட்டு, கீழே வேறு பெயரும் திகதியும் இருக்கின்றன. இரண்டையும் எழுதியவர் எங்கள் தபாலதிபர் மிஸ்.

மல்லாவிப் பக்கத்தில் ஒரு சின்னத் தபாலகத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். கண்டிப்பானவர். திகதி முத்திரையைக் காலையில் மாற்றிவிட்டு இரண்டு தடவை குத்திப் பார்ப்பார். ஆனால் செவ்வரத்தை என்றால் பைத்தியம். போகிற ஊரிலெல்லாம் தடி வாங்கி வந்து தபாலகத்தின் பின்வளவில் நட்டுவிடுவார். மஞ்சள் பூவின் நடுத்தண்டு நுனியில், இதழ் கிழிந்து தொங்கும் சிவப்புப் பூவின் மகரந்தத்தைத் தடவி, காம்பில் பெயரும் திகதியும் எழுதிய அட்டையைக் கட்டுவார். மூன்று வருடமாகக் கட்டினார். எல்லாம் ஏழு நாள் தாண்டாமல், ஒரு கிழமைக்குள் உதிர்ந்தன. கடைசியில் ஒரேயொரு காய் நின்றது. அது நின்று மூன்றாம் கிழமை அவருக்கு வவுனியாவுக்கு இடமாற்றம் வந்தது.

“முத்துறதுக்கு இன்னும் நாலைஞ்சு கிழமை செல்லும். பாத்துக்கொள்ளுங்கோ” என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பஸ் பிந்திவிட்டது. தபால் கந்தோரில் முதலில் வருகிறவர்தான் பிள்ளையார் படத்துக்குப் பூ வைக்க வேண்டும். அவசர அவசரமாகக் கொப்பை வளைத்துப் பூ ஆய்ந்தேன். படத்தடியில் வைக்கும்போதுதான் பார்த்தேன், ஒரு பூவோடு அட்டையும் வந்திருந்தது. அதன் நூலில் நகம் அளவுப் பச்சைக் காய். பிள்ளையாரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

சனிக்கிழமை அவர் தொலைபேசியில் கேட்டார்: “காய் நிக்குதோ?”

“ஓம் மிஸ், நிக்குது.”

சொன்ன வாயை அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு காலையும் கந்தோர் திறக்க முன் நானே மகரந்தம் தடவினேன். எல்லாம் உதிர்ந்தன. ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே கேள்வி, அதே பொய். இரண்டு கிழமை கழித்து ஒன்று நின்றது. அவருடைய அட்டையை அதில் கட்டினேன். அவர் பார்க்க வரமாட்டார் என்று நம்பத் தொடங்கினேன்.

காய் முத்துகிற கணக்குப் பார்த்து வந்தார். காயை இரண்டு விரலால் தொட்டார், அட்டையைப் படித்தார்.

“இது ரெண்டு கிழமைக் காய்.”

“பிள்ளையாருக்குப் பூ ஆயேக்கை கையோடை வந்திட்டுது மிஸ்.”

“அப்ப இதுக்கு ஆர் மகரந்தம் போட்டது?”

“நான்தான்.”

ஏசுவார் என்று காத்திருந்தேன். பேனையை எடுத்தார். “திகதி பிழையா இருக்கக்கூடாது. எண்டைக்குப் போட்டனீங்கள்?” சொன்னேன். தன் பெயரையும் திகதியையும் வெட்டி, என் பெயரையும் நான் சொன்ன திகதியையும் எழுதினார். “இது உங்கடை காய். நீங்களே வையுங்கோ” என்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். அந்தச் சனிக்கிழமை அழைப்பு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

அந்தக் காயின் விதைகளில் ஒன்றுதான் இந்த மரம். போன மாதம் முதல் பூ விரிந்தது, ஓரம் நெளிந்த செம்மஞ்சள். படம் எடுத்து அனுப்பினேன். பின்னேரம் அவரது குரல் பதிவு வந்தது: “நல்ல வடிவு. என்ரை காய்க்குள்ளை என்ன நிறம் இருந்திருக்கும் எண்டுதான் யோசிச்சுக்கொண்டிருக்கிறன்.”

இன்று வெள்ளிக்கிழமை. மரத்தில் நாலு பூ. சாமிப் படத்துக்குக் கடையில் பூ வாங்கினேன்.